ஒரு டெராபைட், செகண்ட் ஹேண்ட்

யுவராணியின் லேப்டாப் ஏழு வருடப் பழசு. பட்டனை அழுத்திவிட்டுப் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதை வைத்துத்தான் அவள் வேலை செய்தாள். கல்யாண ஆல்பம் டிசைன் செய்வது அவள் தொழில். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் இரண்டாவது மாடியில் வாடகை ஃபிளாட். ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டிருந்தாள், அதுதான் ஆபீஸ். போட்டோகிராபர் வீரராகவன் கல்யாணப் படங்களைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார். அவள் நல்லதைப் பொறுக்கி, நிறம் சரிசெய்து, பக்கம் பக்கமாக அடுக்கிக் கொடுப்பாள்.

ஆவணி பிறந்ததும் வேலை குவிந்தது. அதே சமயம் லேப்டாப்புக்குள் இருந்த ஐந்நூறு ஜிபி ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. இனி தாங்காது என்று தெரிந்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அம்பத்தூர் ஓ.டி.யில் விஷாலின் கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்கு மேலே மாடியில், நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை. அதை நடத்துகிற விஷாலுக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"மொத்தமே நாலாயிரத்துக்குள்ள முடிக்கணும்ப்பா," என்றாள்.

விஷால் யோசித்துவிட்டு மூன்று பொருளைக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தான். "ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா வர்ற வேகமான எஸ்எஸ்டி, ஒரு டிபி புதுசு இந்த பட்ஜெட்ல வராதுக்கா. இது புது எஸ்எஸ்டி, ஆனா 256 ஜிபிதான். லேப்டாப் பறக்கும், ஆனா உங்க கல்யாணம் ஒண்ணு ரெண்டுதான் அதுல புடிக்கும். இது பேர் தெரியாத கம்பெனி, ஐநூத்திப் பன்னண்டு ஜிபி. எனக்கே அது மேல நம்பிக்கை கெடையாது. இது ஒரு டிபி ஹார்ட் டிஸ்க், செகண்ட் ஹேண்ட்."

"செகண்ட் ஹேண்ட் திடீர்னு போயிட்டா?"

"எஸ்எஸ்டி போனா சொல்லாம போயிடும். ஹார்ட் டிஸ்க் சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் போவும். அது ஒரு நல்ல குணம்." சிரித்தான். "நான் சொல்றத கேளுங்க. 256-ல விண்டோஸ் போட்டுக்கோங்க. உங்க டிவிடி டிரைவ யாரு யூஸ் பண்றா? அத கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு சின்ன ஃப்ரேம் வெச்சு இந்த ஒரு டிபிய சொருகித் தர்றேன். படமெல்லாம் அதுல. ரெண்டும் சேத்து பட்ஜெட்டுக்குள்ள முடிஞ்சிரும்."

பழைய டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினான். இரண்டாயிரத்துச் சொச்சம் மணி நேரம்தான் ஓடியிருந்தது. கெட்டுப்போன இடம் ஒன்றுகூட இல்லை.

"யாரோடதுப்பா இது?"

"தெரிஞ்ச அண்ணன்தான். சிசிடிவி, கம்ப்யூட்டர் சர்வீஸெல்லாம் பண்றாரு. கழட்டுனத அப்பப்ப எடுத்துட்டு வந்து போடுவாரு. ஃபார்மட் பண்ணி கிளீனாத்தான் இருக்கு."

ஒரு மாத வாரண்டிக்காகப் பில்லில் அவள் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம் மூன்றையும் எழுதிக்கொண்டான். அவளும் எழுத்துக்கூட்டித் திருத்திக் கொடுத்தாள்.

பத்து நாள் லேப்டாப் பறந்தது. வீட்டில் புது மாடு கட்டினது போல அதையே சுற்றிச் சுற்றி வந்தாள். கணவன் பாபுகூட, "இன்னா, ஊட்டு வேலைய வுட்டுட்டு அதையே பாத்துக்கினு கீற?" என்று கிண்டல் செய்தான். பாபு இந்த ஊர்க்காரன். திருமழிசையில் ஒரு கம்பெனியில் முதல் ஷிஃப்ட். யுவராணி ஆரணியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

பதினோராம் நாள் சாயங்காலம் தப்பு நடந்தது. நசரத்பேட்டை மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாணம், நூற்றெண்பது ஜிபி. வீரராகவன் கேமரா கார்டுகளைக் காலி செய்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப் போய்விட்டார். "உன்கிட்ட கீறதுதாம்மா ஒரே காப்பி, பத்திரம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கழித்த படங்கள் இருந்த ஃபோல்டரை அழிக்கப் போனவள், மகள் வர்ஷா ஏதோ கேட்கத் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே, மேலே இருந்த முழுக் கல்யாணத்தையும் அழித்துவிட்டாள். குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் ஒரேயடியாக அழிக்கிற பழக்கம் அவளுக்கு. திரையில் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லை.

அழிந்த ஃபைல்களைத் தேடி மீட்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, டிஸ்க் முழுவதையும் துருவித் தேடும்படி கொடுத்தாள். ஒன்பது மணி நேரம் ஆகும் என்றது. அதை ஓடவிட்டுவிட்டுப் படுத்தாள், தூங்கவில்லை.

காலையில் பாபு வேலைக்கும் வர்ஷா பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு மேஜை முன் உட்கார்ந்தாள். தேடல் முடிந்திருந்தது. பதினோராயிரம் படங்கள். பெயர்கள் போயிருந்தன, எல்லாம் வெறும் எண்கள். முதல் படத்தைத் திறந்தாள். மாப்பிள்ளைக்கு நலங்கு. அடுத்தது மணப்பெண்ணின் கை மருதாணி. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னாள். மீட்டதை அதே டிஸ்கில் எழுதக்கூடாது, எழுதினால் மிச்சமும் அழியும் என்று அவளுக்குத் தெரியும். புது எஸ்எஸ்டியில் அறுபது ஜிபிதான் காலியிருந்தது. முதல் அறுபது ஜிபியை அதற்கு மாற்றினாள். மீதிக்கு யாரிடமாவது ஒரு டிஸ்க் கடன் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு வீடியோக்களைப் பார்த்தாள். முந்நூற்று நாற்பது இருந்தன. வீரராகவன் இருபதுக்கு மேல் எடுத்திருக்க மாட்டார். எது தன்னுடையது என்று பார்க்க ஒன்றைத் திறந்தாள்.

வெள்ளை டைல்ஸ் சுவர். சிவப்பு பக்கெட், பச்சை மக். எல்லாம் மேலேயிருந்து பார்ப்பது போலத் தெரிந்தது. கதவு திறந்தது. இருபது வயது இருக்கும், ஒரு பெண் தோளில் துண்டோடு உள்ளே வந்து தாழ் போட்டாள்.

யுவராணி அதை மூடினாள். மண்டபத்து அறையா? மண்டபத்தில் ஏன் இப்படி ஒரு இடத்தில் கேமரா? இன்னொன்றை, ஓடவிடாமல், படமாக மட்டும் பார்த்தாள். அதே பக்கெட். அதற்கடுத்தது வேறு டைல்ஸ், நீல பக்கெட். படத்தின் ஓரத்தில் போன வருடத் தேதி.

குளிக்கிற இடத்தில் ஒளித்து வைத்த கேமரா, டிஸ்கை முன்பு வைத்திருந்தவன் அழித்த வீடியோக்கள் என்று அப்போதுதான் புரிந்தது. மவுஸை விட்டுக் கையை எடுக்கும்போது விரல் பட்டு இன்னொரு வீடியோ தானாக ஓடியது. திரை முழுவதும் ஒரு ஆணின் முகம். வாயில் ஸ்க்ரூடிரைவரைக் கவ்விக்கொண்டு, லென்ஸை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டிருந்தான். இடது புருவத்தை நடுவில் வெட்டினது போல ஒரு தழும்பு. ஸ்டூலிலிருந்து இறங்கி, நிமிர்ந்து பார்த்து, தெரிகிறதா என்று சோதிப்பது போலக் கையை ஆட்டினான்.

அவளைப் பார்த்து ஆட்டுவது போலவே இருந்தது. லேப்டாப்பைச் சடாரென்று மூடினாள்.

பாபுவுக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அவன் போன் லாக்கரில் கிடக்கும், மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுப்பான். அந்தப் பதற்றத்தில் அவள் அடுத்துச் செய்ததை நினைத்து நினைத்துப் பின்னால் தன்னையே திட்டிக்கொண்டாள். விஷாலுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, அந்த டிஸ்க்கு யார்கிட்ட வாங்குன? ரெக்கவரி போட்டா உள்ள பழைய வீடியோ எல்லாம் வருதுப்பா."

"வீடியோவா? என்ன வீடியோக்கா?"

"யாரோடதோ..."

"கடையில ஆளுங்க நிக்கறாங்கக்கா, இருங்க, அந்த அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் பிஸி.

பதினைந்து நிமிடத்தில் தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மேடம், விஷால் கடையிலேருந்து பேசறேன். டிஸ்க்குல ஏதோ பிராப்ளம்னு சொன்னீங்களாம். புதுசாவே மாத்தித் தந்துடறேன். ஊட்லதான கீறீங்க?"

"சாயங்காலம்... அவர் வந்ததும் கடைக்கே எடுத்துட்டு வர்றோம்."

"எதுக்கு மேடம் அலைச்சல்? பக்கத்துலதான் கீறேன். பில்லுல அட்ரஸ் கீது."

போன் வைக்கப்பட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடிவிடலாம் என்று நினைத்தாள். படிக்கட்டிலேயே எதிரில் வந்துவிட்டால்? க்ரில் கேட்டில் பூட்டு மாட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். மாட்டியிருந்தது. மரக்கதவையும் சாத்தித் தாழ் போட்டாள்.

கீழே பைக் நிற்கிற சத்தம். படியில் செருப்புச் சத்தம், அவசரமில்லாமல். பெல் அடித்தது.

அவள் பேசாமல் இருந்தாள். மறுபடி பெல். "மேடம், உள்ள ஃபேன் ஓடுதே. நான்தான், கடைலேருந்து."

திறக்காமல் இருந்தால் சந்தேகப்படுவான், எல்லாம் பார்த்துவிட்டாள் என்று தெரிந்துகொள்வான் என்று தோன்றியது. யாராவது கடைப் பையனாகவும் இருக்கலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. மரக்கதவைத் திறந்தாள். கம்பிகளுக்கு அந்தப் பக்கம், இடது புருவத்தில் தழும்போடு அந்த முகம் சிரித்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்," என்றான். "பூட்ட தொறங்க, உள்ள வந்து நானே கழட்டிக்கறேன். உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

"சாவி அவர் எடுத்துட்டுப் போயிட்டாரு."

அவன் கண் அவள் தோளுக்கு மேல் போனது. சுவரில் ஆணியில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். மேஜை மேல் மூடியிருந்த லேப்டாப்பைப் பார்த்தான். சுவரோரம் கிடந்த வர்ஷாவின் சின்னச் சைக்கிளைப் பார்த்தான்.

"உள்ள இன்னா வந்துச்சு மேடம்?"

"எதுவுமே ஓப்பன் ஆகலீங்க. கரப்ட்னு வருது." குரல் நடுங்கிவிடக்கூடாதென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "என் கல்யாணப் படத்தத்தான் தேடிட்டிருந்தேன். அதுவும் கெடைக்கல."

"ஒண்ணுகூட ஓப்பன் ஆவல?"

"ஆகல."

"வீடியோன்னு சொன்னீங்களாமே."

"வீடியோன்னு லிஸ்ட்ல காட்டுச்சு. தொறந்தா கருப்பா வருது."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் இமைக்காமல் நிற்க முயன்றாள்.

"சரி, லேப்டாப்பையே குடுங்க. கடைலயே மாத்திட்டு வந்துடறேன்."

"லேப்டாப்ல வேற வேலை ஓடுது. டிஸ்க்க மட்டும் கழட்டித் தர்றேன், இருங்க."

உள்ளே போனாள். அவனுக்கு முதுகைக் காட்டியபடி லேப்டாப்பைக் கவிழ்த்தாள். ஸ்க்ரூடிரைவர் தலை பள்ளத்தில் உட்காரவே மாட்டேன் என்றது. மேஜை டிராயரில், விஷால் கழற்றிக் கொடுத்த பழைய ஐந்நூறு ஜிபி டிஸ்க், டிக் டிக்கென்று கத்திய அதே டிஸ்க், துணியில் சுற்றிக் கிடந்தது. இரண்டும் ஒரே அளவு. இதைக் கொடுத்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. கழற்றுகிற சத்தம் கேட்கட்டும் என்று லேப்டாப்பின் அடியில் இரண்டு ஸ்க்ரூவைத் திருகினாள். பழையதை எடுத்து, எஸ்எஸ்டி வந்த குமிழிக் கவரில் போட்டு, லேபிள் தெரியாமல் மேலே நாலு சுற்று செலோ டேப் ஒட்டினாள். ஆல்பத்துக்கு எப்படி ஒட்டுவாளோ அப்படி, சுருக்கமில்லாமல் ஒட்டினாள். அது எப்படி முடிந்தது என்று அவளுக்கே தெரியாது.

திரும்பியபோது அவன் ஒரு கையைக் கம்பிக்குள் நுழைத்துப் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் உடனே எடுக்கவில்லை.

"யாருப்பா அது மேல?" கீழேயிருந்து பொன்னியம்மாவின் குரல் வந்தது. தரைத்தளத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவள் குரலுக்குத் தெருநாயே ஒதுங்கும். "வண்டிய கேட்டாண்ட குறுக்க வுட்டுக்கினு போயிட்ட? தண்ணி லாரி வர டைம் தெரியாதா? எட்றா வண்டிய!"

அவன் கையை எடுத்தான். யுவராணி பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டினாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது போல அசைத்தான். டேப்பை நகத்தால் கீறினான். பொன்னியம்மா படியேறி வருகிற மூச்சு கேட்டது. பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"பொண்ணுக்கு ஸ்கூலு எத்தினி மணிக்கு வுடுவாங்க மேடம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனான்.

பொன்னியம்மா மேலே வந்தபோது யுவராணி கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு? யாரு அவன்?"

பாதி அழுகையில் பாதி சொன்னாள். பொன்னியம்மாவுக்கு டிஸ்க்கும் புரியவில்லை, ரெக்கவரியும் புரியவில்லை. குளிக்கிற இடத்தில் கேமரா என்பது மட்டும் புரிந்தது. அது புரிந்ததும் அவள் முகம் மாறிவிட்டது.

"எந்திரி. பூட்டு. இப்பவே போலீஸுக்குப் போலாம். அவன் அத போட்டுப் பாக்க எத்தினி நேரம் ஆவும்?"

"கையில லேப்டாப் இருந்தா அஞ்சு நிமிஷம்."

அப்போதுதான் யுவராணிக்குக் கல்யாணம் ஞாபகம் வந்தது. மூன்றில் ஒரு பங்குதான் எடுத்திருக்கிறாள். முகூர்த்தம், தாலி கட்டுகிறது எல்லாம் இன்னும் அந்த டிஸ்கில்தான் இருந்தது. உட்கார்ந்து எடுத்தால் மூன்று மணி நேரம். மேஜையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். பிறகு மிச்ச ஸ்க்ரூக்களையும் கழற்றி, டிஸ்கை உருவி, வர்ஷாவின் பழைய டிபன் பையில் போட்டு நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பொன்னியம்மாவும் கூட ஏறிக்கொண்டாள். ஆட்டோவை முதலில் பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னாள் யுவராணி. பாதி வழியில் போன் அடித்தது. அதே நம்பர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. பிறகு ஒரு மெசேஜ்: "மேடம் வேற டிஸ்க் குடுத்துட்டீங்க." அவள் படித்து முடிப்பதற்குள் இன்னொன்று: "உங்க கேட்டாண்டதான் நிக்கறேன். கதவு பூட்டி கீது. எங்க போயிட்டீங்க?"

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் உள்ளே போய் டீச்சரிடம் சொல்லி வர்ஷாவை அழைத்து வர ஏழெட்டு நிமிடம் ஆனது. அந்த ஏழெட்டு நிமிடமும் தெருவில் வந்த ஒவ்வொரு பைக்கின் முகத்தையும் யுவராணி பார்த்தாள். ஹெல்மெட் போட்டவர்கள்தான் அதிகம். ஹெல்மெட்டுக்குள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

"யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டுக்கொண்டே வர்ஷா ஆட்டோவில் ஏறினாள். பொன்னியம்மா அவளை நடுவில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

மகளிர் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் சுசீலா ஏதோ எழுதிக்கொண்டே கேட்டார். பாதியில் எழுதுவதை நிறுத்தினார். வர்ஷாவைப் பொன்னியம்மாவோடு வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினார்.

"எத்தனை பாத்தீங்க?"

"ஒண்ணு... கதவ தாழ் போடுற வரைக்கும். அப்புறம் அவன் முகம் வர்ற ஒண்ணு. மிச்சம் ஓட்டல மேடம், படமாத்தான் ரெண்டு."

"காப்பி எடுத்தீங்களா? யாருக்காவது அனுப்பினீங்களா?"

"ஐயோ, இல்ல மேடம்."

"டிஸ்க்க குடுங்க."

யுவராணி டிபன் பையைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். கை அதை விடவில்லை. "மேடம், இதுல என் கஸ்டமர் கல்யாணம் இருக்கு. வேற எங்கயும் கெடையாது. ஒரு மூணு மணி நேரம் குடுத்தீங்கன்னா, இங்கயே உக்காந்து..."

"எனக்குப் புரியுதும்மா." சுசீலா குரலை உயர்த்தவில்லை. "இனிமே நீங்க இதுல கை வெச்சீங்கன்னா, நாளைக்குக் கோர்ட்ல அவன் வக்கீல் எந்திரிச்சு, அந்தம்மாவே போட்டதுன்னு சொல்லுவான். இத சீல் பண்ணி அனுப்பிடுவோம். கேஸ் முடியற வரைக்கும் கெடைக்காது. எப்ப முடியும்னு நான் சொல்ல முடியாது."

அவள் கையை எடுத்தாள்.

போன் மறுபடி அடித்தது. சுசீலா நம்பரைப் பார்த்துவிட்டு, "எடுங்க," என்றார். "தெரியாம மாத்திக் குடுத்துட்டேன், கடைக்கு வந்திருக்கேன், அரை மணி நேரத்துல வீட்டுக்கு வர்றேன்னு சொல்லுங்க. அவன் அங்கயே நிக்கணும்."

"என்னால முடியாது மேடம்."

"முடியும். அவன வாசல்ல வெச்சுப் பேசி அனுப்பினவங்க நீங்க."

ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் அவன் மூச்சுதான் முதலில் கேட்டது. "இன்னா மேடம், வெளையாடறீங்களா?"

"ஐயோ இல்லீங்க, ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, மாறிப்போச்சு. காய் வாங்க வந்தேன். அரை மணி நேரத்துல வந்துடறேன், கையோட தந்துடறேன்."

"பொண்ண கூட்டிக்கினு போனீங்களா?"

அவள் சுசீலாவைப் பார்த்தாள். சுசீலா இல்லை என்று சொல்லும்படி தலையசைத்தார்.

"அவ ஸ்கூல்ல இருக்கா. மூணரைக்குத்தான் விடுவாங்க."

"சீக்கிரம் வாங்க," என்று வைத்தான்.

இரண்டு பேர் சாதா உடுப்பில் பைக்கில் கிளம்பினார்கள், பின்னால் ஜீப். யுவராணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். வர்ஷா அவள் புடவையைப் பிடித்து இழுத்து, காதோடு கேட்டாள்: "அம்மா, நாம என்ன தப்பு பண்ணோம்?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்ப ஏன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தோம்?"

பாபு போனில் கிடைத்து, கம்பெனியிலிருந்து பஸ் மாறி வந்து சேர்ந்தபோது மூன்று மணி. அதற்கு முன்பே அந்தத் தழும்புக்காரனைப் பிடித்துவிட்டார்கள். வீட்டு கேட்டுக்கு எதிரில் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தானாம். ஜீப்பிலிருந்து அவன் இறங்குவதை யுவராணி பார்க்கவில்லை. பாபு அவள் முன்னால் மறைத்து நின்றுகொண்டான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில்தான் அந்தக் கேமராக்கள் இருந்தன. கம்பெனிகளில் வேலை பார்க்கிற நாற்பது பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். வைஃபை, சிசிடிவி சர்வீஸ் என்று மாதாமாதம் உள்ளே போய் வந்தவன் அவன். இப்போதும் மூன்று கேமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன. இடம் போதாமல் பெரிய டிஸ்க் வாங்கிக்கொண்டு, பழையதை அழித்து விஷாலிடம் விற்றிருக்கிறான். விஷாலையும் விசாரித்தார்கள். அவன் ஒரு வாரம் கடை திறக்கவில்லை. பிறகு யுவராணிக்குப் போன் செய்து, "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா," என்று அழுதான். அவள் நம்பினாள். ஆனாலும் அந்தக் கடைப் படியை அதன் பிறகு மிதிக்கவில்லை.

வீரராகவனிடம் படம் அழிந்துவிட்டது என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கேஸைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று சுசீலா சொல்லியிருந்தார். வீரராகவன் வாசலில் நின்று கத்தினார். தாலி கட்டுகிற படம் இல்லாமல் என்ன ஆல்பம் என்று கேட்டார். அந்தப் பெண்ணின் அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன் என்றார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வேலை வரவில்லை. ஆவடியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் பாதிக் கூலிக்குச் செய்ய ஆரம்பித்தாள். பிடிபட்டவன் ஜாமீனில் வந்துவிடுவானோ என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, வர்ஷாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டுக் கூட்டிவருவது அவளேதான். க்ரில் கேட்டுக்கு இன்னொரு பூட்டும் மாட்டினார்கள். அப்படியும் பெல் அடித்தால் அவள் கதவைத் திறக்கப் போவதில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெல் அடித்தது. பாபுதான் போய்ப் பார்த்தான். ஒரு பெண் தனியாக நின்றிருந்தாள். பெயர் ரேஷ்மா என்றாள். அந்த விடுதியில் இருந்தவள், வாக்குமூலம் கொடுக்க வந்தபோது ஸ்டேஷனில் யுவராணியைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். இப்போது வேறு இடத்தில் தங்கியிருக்கிறாள், இந்த விலாசத்தை ஸ்டேஷனில் யாரிடமோ கேட்டு வாங்கியிருக்கிறாள்.

யுவராணி டீ போட்டுக் கொடுத்தாள். பாபு வர்ஷாவைக் கூட்டிக்கொண்டு கீழே போனான். அந்தப் பெண் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். யுவராணியின் கண்ணைப் பார்க்கவில்லை.

"ஊர்ல யாருக்கும் தெரியாதுக்கா. அம்மாவுக்குக்கூட. போலீஸ் மேடம் எங்க யாருக்கும் எதையும் காட்டல, காட்டவும் மாட்டோம்னு சொல்லிட்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"நீங்க பாத்தீங்களாமே."

"ஒண்ணே ஒண்ணு. ஒரு பொண்ணு உள்ள வந்து தாழ் போட்டா. அதோட மூடிட்டேன். சத்தியமா அவ்வளவுதான்."

"அது நானா?"

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். யுவராணி அவள் முகத்தைப் பார்த்தாள். அன்று பார்த்தது எத்தனை நொடி? ஐந்தா, ஆறா? தோளில் துண்டு, தூக்கிக் கட்டிய தலைமுடி, தாழ்ப்பாளில் கை. முகம் ஒரு கணம் மேலே திரும்பியதா இல்லையா? இத்தனை நாளாக எவ்வளவு யோசித்தும் அந்த முகம் மட்டும் தெளியவில்லை. இவளாகவும் இருக்கலாம்.

"இல்ல," என்றாள். "நீ இல்ல. நல்லாத் தெரியும்."

ரேஷ்மாவின் தோள் தளர்ந்தது. ஒரு வாய் டீ குடித்தாள். கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். டம்ளரைக் கீழே வைக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

"அப்ப அது யாருக்கா?" என்று கேட்டாள். "எங்க ரூம்ல நாலு பேரு. குட்டையா, கண்ணாடி போட்டிருந்தாளா? அவ போன வாரம்தான் நிச்சயம் பண்ணிட்டு வந்தா."

கீழே தெருவில் வர்ஷா சைக்கிள் மணியை அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.